ஆறில்லாத யாழ்ப்பாணமும் அடியில் கிடக்கும் தண்ணீரும்

இலங்கை என்றதும் நம்மவர்களுக்கு ஞாபகம் வருவது நாலே விஷயம்தான். போர், கிரிக்கெட், டீத்தூள், இலங்கை வானொலி. அந்தத் தீவின் நிலம் எப்படிப்பட்டது, அங்கே மழை எப்போது பெய்யும், குடிக்கிற தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் வராது. கோடியக்கரையில் இருந்து ஐம்பது அறுபது கிலோமீட்டரில் இருக்கிற ஊரைப் பற்றி நமக்கு இவ்வளவுதான் தெரியும். லண்டனில் எந்த மாதம் குளிரும் என்று கேட்டால் மட்டும் டக்கென்று சொல்லி விடுவோம்!

இந்தக் கட்டுரை இலங்கையின் வட மாகாணத்தைப் பற்றியது. ராஜாக்கள் கதையையும் அரசியல் கதையையும் எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் எழுதப் போவது அங்குள்ள பாறை, மண், மழை, காற்று, கிணறு இவற்றின் வரலாறு. 'பி.காம் படிக்கிறவனுக்கு எதுக்குடா ஜியாகிரபி?' என்று கேட்கும் வகுப்புத் தோழர்கள் கொஞ்சம் பொறுமையாகப் படிக்கவும். முதல், வட்டி, இறக்குமதித் தடை எல்லாம் நடுவில் வருகிறது.

முதலில் அடிப்படைத் தகவல்கள். இலங்கை மொத்தமே 65,610 சதுர கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டில் பாதி என்று வைத்துக் கொள்ளுங்கள். அதை மாகாணங்களாகப் பிரித்தவர்கள் வெள்ளைக்காரர்கள். 1833இல் கோல்புரூக், கேமரன் என்ற இரண்டு பேர் கொடுத்த பரிந்துரைப்படி ஐந்து மாகாணங்கள் உருவாயின. அதில் ஒன்றுதான் வட மாகாணம். 1873இல் அநுராதபுரம் பக்கத்தைத் தனியாக எடுத்து வடமத்திய மாகாணம் ஆக்கினார்கள். இன்றைய வட மாகாணத்தில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார், வவுனியா என்று ஐந்து மாவட்டங்கள். பரப்பு சுமார் 8,900 சதுர கிலோமீட்டர். நம் புதுக்கோட்டை மாவட்டத்தைப் போலக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். மேலே தலைபோல நீட்டிக் கொண்டிருப்பது யாழ்ப்பாணக் குடாநாடு. அதன் மேற்கே சிதறிக் கிடப்பவை தீவுகள். கீழே அகன்று கிடக்கும் காட்டு நிலம் வன்னி. மேற்குக் கரையில் ராமேஸ்வரத்தை நோக்கி மூக்கை நீட்டிக் கொண்டிருப்பது மன்னார். இன்னொரு வேடிக்கை. யாழ்ப்பாணம் நமக்கு நேர் கிழக்கே, கொஞ்சம் வடக்கே இருப்பது போலப் பலர் நினைக்கிறார்கள். அட்சரேகைப்படி பார்த்தால் அது மதுரைக்கும் தெற்கே, ஏறக்குறைய விருதுநகருக்கு நேராக இருக்கிறது!

பாக் நீரிணை என்பது கடல் என்ற பெயரில் இருக்கும் பெரிய குளம் மாதிரி. பெரும்பாலான இடங்களில் ஆழம் பத்துப் பதினைந்து மீட்டருக்குள்தான். (1763 முதல் 1767 வரை சென்னை ஆளுநராக இருந்த ராபர்ட் பாக் என்பவரின் பெயர் அது. கடலுக்கே பெயர் வைத்து விட்டுப் போய்விட்டார்.) சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்பு, பனியுகம் உச்சத்தில் இருந்தபோது உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதை விட 120 மீட்டர் கீழே இருந்தது. அப்போது இங்கே கடலே இல்லை. ராமநாதபுரத்தில் இருந்து மன்னாருக்கு நடந்தே போகலாம். பனி உருகிக் கடல் ஏறி, இலங்கை தீவானது சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்புதான். இரண்டு கரையிலும் ஒரே பனைமரம், ஒரே மணல், ஒரே உவர்மண் இருப்பதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஆனால் அடியில் இருக்கும் பாறை ஒன்றல்ல. இங்கேதான் கதை தொடங்குகிறது.

எங்கள் விராலிமலையில் நிற்பது கருங்கல். முருகன் கோயில் இருக்கிற குன்று, அதைச் சுற்றிக் கிடக்கிற பாறைகள் எல்லாம் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் வயதானவை. வன்னியின் உட்பகுதியிலும் கிட்டத்தட்ட இதே ஜாதிப் பாறைதான். யாழ்ப்பாணக் குடாநாடும் தீவுகளும் மன்னார்க் கரையும் அப்படி இல்லை. அவை சுண்ணாம்புக்கல். மயோசீன் என்று நிலவியலார் சொல்லும் காலத்தில், அதாவது 2.3 கோடி ஆண்டுகளுக்கும் 53 லட்சம் ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில், ஆழமில்லாத கடலில் சிப்பியும் பவளமும் படிந்து படிந்து இறுகிய கல் அது. குடாநாட்டில் மலை என்று சொல்ல எதுவுமே கிடையாது. கீரிமலை என்று ஓர் ஊர் இருக்கிறது, அங்கே போனால் மலைக்குப் பதில் கடற்கரையில் ஒரு நன்னீர் ஊற்றுதான் இருக்கும்!

சுண்ணாம்புக்கல்லுக்கு ஒரு குணம் உண்டு. மழைநீர் லேசான அமிலத்தன்மை உள்ளது. அது கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக் கொண்டே இறங்கும். நாளடைவில் உள்ளே வெடிப்பு, பொந்து, குகை எல்லாம் உண்டாகும். பெய்கிற மழை மேலே ஆறாக ஓடாமல் பொசுக்கென்று உள்ளே போய்விடும். அதனால்தான் குடாநாட்டில் ஆறே இல்லை. வலிகாமத்தில் வழுக்கையாறு என்று ஒன்று உண்டு. அது மழை பெய்தால் ஓடும், மழை விட்டால் மறைந்து போகும். ஊர்க்காரர்கள் பெயரை நன்றாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

இப்போது மழைக் கணக்குக்கு வருவோம். யாழ்ப்பாணத்தில் ஆண்டுக்குச் சராசரியாக 1,250 மில்லிமீட்டர் அளவில் மழை பெய்கிறது. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு 900 மில்லிமீட்டர் அளவுதான். எந்நேரமும் மழை என்று நாம் நினைக்கிற லண்டனுக்கு வெறும் 600! அப்படியானால் யாழ்ப்பாணம் எப்படி வறண்ட பிரதேசம் ஆகும் என்று கேட்பீர்கள். விடை மாதத்தில் இருக்கிறது. அந்த மழையில் பெரும்பகுதி அக்டோபரில் தொடங்கி டிசம்பர், மிஞ்சினால் ஜனவரிக்குள் கொட்டித் தீர்ந்து விடும். அதை அங்கே மாரி என்கிறார்கள். சித்திரையில் இடியோடு கொஞ்சம் மழை உண்டு. மே முதல் செப்டம்பர் வரை வானம் பொய்த்து விடும்.

அந்த மாதங்களில் இலங்கையின் தென்மேற்கே கதை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று நடுவில் இருக்கும் மலைகளில் (உயரமான சிகரம் பிதுருதலாகல, 2,524 மீட்டர்) மோதி மேலே எழும்பி அங்கேயே கொட்டி விடுகிறது. அந்தச் சரிவுகளில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீட்டர் பெய்யும் இடமும் உண்டு. மன்னாரில் ஆயிரத்துக்கும் கீழே. ஒரே தீவு, ஒரே காற்று! மேற்குத் தொடர்ச்சி மலை நமக்குச் செய்கிற அதே துரோகம்தான். வால்பாறையில் ஜூலையில் ஊற்றும்போது விராலிமலையில் புழுதிதான் பறக்கும். வடக்கே போகும் காற்றைத் தடுத்து எழுப்ப யாழ்ப்பாணத்தில் ஒரு மேடும் இல்லை. ஆகவே அது ஈரத்தை இறக்காமல் சும்மா வீசி விட்டுப் போகும். அதற்குச் சோளகக் காற்று என்று பெயர். மழையோடு வருகிற வடகிழக்குக் காற்று வாடை. கீழ்க்காற்று கொண்டல், மேல்காற்று கச்சான். மீனவர்களுக்கும் விவசாயிகளுக்கும் இந்தப் பெயர்கள்தான் நாட்காட்டி. நாம் எல்லாவற்றையும் 'காத்து' என்று சொல்லி விட்டோம்.

வெயிலைப் பொறுத்தவரை அவர்கள் அதிர்ஷ்டசாலிகள். திருச்சி, விராலிமலைப் பக்கம் மே மாதம் 40 டிகிரியைத் தாண்டும். யாழ்ப்பாணத்தில் எந்த ஊரும் கடலில் இருந்தோ கடல்நீரேரியில் இருந்தோ அதிக தூரத்தில் இல்லை என்பதால் அவ்வளவு சூடு ஏறாது. வியர்வைக்கு மட்டும் குறைவிருக்காது.

சரி, மூன்று மாத மழையை வைத்துக் கொண்டு பன்னிரண்டு மாதம் எப்படி வாழ்வது? ஈரமான தெற்கில் ஆறுகள் உண்டு. வன்னியில் குளம் உண்டு. (அங்கே குளம் என்றால் நம்மூர்க் கண்மாய். கட்டுக்கரைக்குளம், வவுனிக்குளம், முத்தையன்கட்டு எல்லாம் கடல் மாதிரி இருக்கும்.) கருங்கல் நிலத்தில் தண்ணீர் உள்ளே இறங்காது, அதனால் கரை போட்டுத் தேக்கலாம். எங்கள் மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட கண்மாய்கள் இருப்பதும் இதே காரணத்தால்தான். குடாநாட்டில் கரை போட்டு என்ன பயன்? கல்லே சல்லடை. அதனால் யாழ்ப்பாணத்தான் மழையை மண்ணுக்கு அடியிலேயே தேக்கினான். இல்லை, மண் தானாகத் தேக்கிக் கொடுத்தது, அவன் கிணறு வெட்டி எடுத்துக் கொண்டான். குடாநாட்டில் மட்டும் ஒரு லட்சம் அளவில் கிணறுகள் இருப்பதாகச் சொல்கிறார்கள்.

இந்த இடம் கொஞ்சம் நுட்பமானது. கவனமாகப் படியுங்கள்.

கடலால் சூழப்பட்ட சுண்ணாம்பு நிலத்துக்கு அடியில் உப்புநீர் இருக்கிறது. மழைநீர் அதைவிட லேசானது. அதனால் கலக்காமல் உப்புநீரின் மேல் மிதக்கும். ஒரு பூதக்கண்ணாடி வில்லையை உப்புத்தண்ணீர் மேல் வைத்தது போல, நடுவில் தடித்தும் கரையோரம் மெலிந்தும் இருக்கும். கணக்கு என்னவென்றால், கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஒரு மீட்டர் நின்றால், கீழே சுமார் நாற்பது மீட்டர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். கேட்க சந்தோஷமாக இருக்கிறது அல்லவா? அதையே திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு மீட்டர் நீர்மட்டத்தை நாம் இறைத்துக் குறைத்தால், காலப்போக்கில் கீழே உப்பு நாற்பது மீட்டர் ஏறி வரும். யாழ்ப்பாணத்தில் நீர்மட்டம் கடலுக்கு மேல் நிற்பதே பல இடங்களில் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர்தான்.

வணிகவியல் பாஷையில் சொன்னால், ஆண்டுதோறும் பெய்யும் மாரி வட்டி. அடியில் மிதக்கும் வில்லை முதல். வட்டியை மட்டும் எடுத்துச் செலவு செய்தால் ஆயுசுக்கும் கவலை இல்லை. முதலில் கை வைத்தால், ஒரு ரூபாய்க்கு நாற்பது ரூபாய் நஷ்டம்! எந்த வங்கியும் இப்படி ஓர் ஒப்பந்தம் போடாது.

இந்த விதியைக் கண்டுபிடித்துச் சொன்னவர்கள் இரண்டு பேர். ஆம்ஸ்டர்டாம் நகரின் தண்ணீருக்காக ஆராய்ந்த டச்சு ராணுவப் பொறியாளர் படோன் கைபன் 1889இல் எழுதினார். வடகடல் தீவு ஒன்றில் கிணறு தோண்டிப் பார்த்த ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க் 1901இல் எழுதினார். இதில் ஒரு வரலாற்று வேடிக்கை உண்டு. டச்சுக்காரர்கள் (இலங்கையில் ஒல்லாந்தர் என்பார்கள்) 1658 முதல் 1795 வரை 137 ஆண்டுகள் யாழ்ப்பாணத்தை ஆண்டவர்கள். அங்குள்ள தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களையே வைத்தார்கள். காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது. நெடுந்தீவு டெல்ஃப்ட், வேலணை லைடன், நயினாதீவு ஹார்லம், அனலைதீவு ராட்டர்டாம். ஆம்ஸ்டர்டாம் என்று பெயர் வைத்த தீவின் கிணற்றை எட்டிப் பார்த்திருந்தால், ஊர் ஆம்ஸ்டர்டாமின் தண்ணீர்ப் பிரச்சினைக்கு நூறு ஆண்டு முன்னமே விடை கிடைத்திருக்குமோ என்னவோ! அவர்கள் கண்ணெல்லாம் யானை, சாயவேர், புகையிலை, பனை இவற்றின் மேல்தான். வன்னிக் காட்டில் பிடித்த யானைகளை ஆழமில்லாத கடல்நீரேரியில் இறக்கிக் கொண்டு வந்த இடம்தான் ஆனையிறவு. அங்கிருந்து யாழ்ப்பாணம் கொண்டு போய் இந்தியாவில் இருந்து வரும் வியாபாரிகளுக்கு விற்றார்கள்.

கிணறுகளில் பெரிய பெயர் புத்தூர்ப் பக்கம் இருக்கும் நிலாவரைக்குத்தான். அடியே இல்லாத கிணறு என்று சொல்வார்கள். உண்மையில் அது சுண்ணாம்புக் குகையின் கூரை இடிந்து விழுந்து உண்டான பள்ளம். மேலே நல்ல தண்ணீர், ஆழம் போகப் போக உப்பு. மேலே சொன்ன வில்லையை நேரில் பார்க்க வேண்டுமானால் அங்கே போகலாம். ராமர் அம்பு விட்டு உண்டான கிணறு என்று புராணமும் சொல்கிறார்கள். ராமேஸ்வரத்திலும் இதே கதை இருப்பது நமக்குத் தெரியும்.

இந்தத் தண்ணீரை எடுக்க அவர்கள் வைத்திருந்த கருவி துலா. நம்மூர் ஏற்றம்தான். நீளமான மரத்தில் ஒருவர் அல்லது இருவர் ஏறி முன்னும் பின்னும் நடக்க, கீழே ஒருவர் பட்டையைக் கவிழ்க்க, வாய்க்காலில் தண்ணீர் போகும். வலிகாமத்துச் செம்மண்ணில் புகையிலையும் வெங்காயமும் மிளகாயும் இப்படித்தான் விளைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் யாழ்ப்பாணப் புகையிலைக்குப் பெரிய சந்தை திருவிதாங்கூர். அந்தச் சுருட்டுக் காசில் கட்டிய வீடுகள் இன்னும் இருக்கின்றன. துலாவில் ஒரு நல்ல விஷயம் என்னவென்றால், மனிதனுக்குக் கால் வலிக்கும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் இறைக்க முடியும். அந்தக் கால் வலிதான் அடியில் இருந்த முதலைக் காப்பாற்றி வந்தது.

1950களிலும் 60களிலும் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் வந்தன. 1970இல் ஆட்சிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசு அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் மிளகாய், வெங்காயம் போன்றவற்றின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. யாழ்ப்பாண விவசாயிக்கு அது பொற்காலம். கொழும்புச் சந்தையில் அவன் சரக்குக்குப் போட்டியே இல்லை. ஆளாளுக்கு இயந்திரம் வாங்கினார்கள், படித்த பையன்கள் தோட்டத்தில் இறங்கினார்கள். 1977இல் ஜெயவர்த்தனா வந்து சந்தையைத் திறந்து விட்டதும் விலை சரிந்தது. நம் பாடப்புத்தகத்தில் 'பாதுகாப்பு வரி', 'தாராளமயம்' என்று இரண்டு வரியில் முடித்து விடுகிறார்கள். ஒரு மாகாணத்தின் நிலத்தடி நீர் ஏறி இறங்குவது வரைக்கும் அது போகும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை. இறக்குமதித் தடை இருந்தபோது அள்ளிக் கொட்டிய யூரியா கிணற்றுக்கும் இறங்கியது. பல கிணறுகளில் நைட்ரேட் அளவு கூடிவிட்டதாக ஆராய்ச்சியாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். சல்லடை மழையை மட்டும் வடிகட்டி உள்ளே விடுமா என்ன!

பிறகு போர். 1990க்குப் பிறகு பொருளாதாரத் தடையால் எரிபொருளும் உரமும் வடக்கே போகவில்லை. இயந்திரங்கள் நின்றன, பல இடங்களில் துலா திரும்பி வந்தது. 1995 அக்டோபர் கடைசியில் வலிகாமத்து மக்கள் லட்சக்கணக்கில் ஒரே இரவில் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் வெளியேறினார்கள். குடாநாட்டின் வடிவத்தைப் பார்த்தால் அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்று புரியும். மூன்று பக்கமும் தண்ணீர், போகச் சில பாதைகள் மட்டும். காங்கேசன்துறையைச் சுற்றிய நல்ல செம்மண் நிலத்தில் பெரும்பகுதி 1990 முதல் ராணுவ வளையத்துக்குள் போனது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தந்தார்கள். இன்னும் முழுதாக முடியவில்லை. அங்கேதான் 1950இல் தொடங்கிய சிமெண்ட் ஆலையும் இருந்தது. சுண்ணாம்புக்கல்லைத் தோண்டிய பெரிய பள்ளங்கள் கடலோரத்தில் அப்படியே கிடக்கின்றன.

எங்கள் மாவட்டத்தில் தேக்காட்டூரிலும் லேனாவிளக்கிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உண்டு. அப்படி ஒரு முகாமில் வளர்ந்த நண்பன் ஒருவனின் அப்பம்மாவிடம் ஊரைப் பற்றிக் கேட்டேன். வீட்டைப் பற்றிச் சொல்வார் என்று நினைத்தேன். "எங்கட வளவுக்குள்ள ரெண்டு கிணறு தம்பி. ஒண்டு நல்ல தண்ணி, மற்றது உவர். கோடையில நல்ல தண்ணியக் கண்டபடி அள்ள விடமாட்டம்" என்றார். பட்டதாரி ஹெர்ஸ்பெர்க் சொன்னதைத்தான் அவரும் சொல்கிறார்.

தீவுகளின் பாடு இன்னும் கஷ்டம். நிலம் குறுகக் குறுக வில்லையும் சிறிதாகும். நெடுந்தீவில் பவளக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள், ஒரு பழைய பெருக்கமரம், ஐரோப்பியர் காலத்துக் குதிரைகளின் வழிவந்த காட்டுக் குதிரைகள் எல்லாம் பார்க்க அழகு. கடுங்கோடையில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் அந்தக் குதிரைகள் செத்துப் போவது செய்தியாக வரும். கச்சத்தீவில் குடிநீரே கிடையாது. 1974 ஒப்பந்தத்தைப் பற்றி மேடையில் முழங்குபவர்கள் இதைச் சொல்வதில்லை. நம் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் மீனவர்கள் பிடிபடுவதும் பெரும்பாலும் நெடுந்தீவுப் பக்கக் கடலில்தான். அவர்கள் சிறையில் வாடுவது உண்மை. நம் இழுவைப் படகுகள் தரையோடு வாரிக் கொண்டு போவதால் தங்கள் வலையும் கடலும் நாசமாகிறது என்று அந்தக் கரைத் தமிழ் மீனவர்கள் சொல்வதும் உண்மை. ஆழமில்லாத கடலின் அடித்தரையை வாரினால் என்ன மிஞ்சும்?

புயல் இரண்டு கரைக்கும் பொது. 1964 டிசம்பர் 22 அன்று வட இலங்கையைக் கடந்து வந்த புயல்தான் அன்றிரவே தனுஷ்கோடியை விழுங்கியது. 1914இல் தொடங்கி அரை நூற்றாண்டு ஓடிய தனுஷ்கோடி தலைமன்னார்க் கப்பல் அதோடு சரி. நம்மவர்கள் அந்தப் புயலைத் தனுஷ்கோடிப் புயல் என்று மட்டுமே நினைவு வைத்திருக்கிறோம். 2004 சுனாமி முல்லைத்தீவையும் வடமராட்சி கிழக்கையும் துடைத்து எடுத்தது. 2020இல் புரெவி. 2025 நவம்பரில் டிட்வா புயல் இலங்கை முழுவதையும் புரட்டிப் போட்டது. மலையகத்து மண்சரிவுகளில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 2018 நவம்பர் 16 கஜாவை எங்கள் மாவட்டத்தில் யாருக்கும் ஞாபகப்படுத்தத் தேவையில்லை.

கடைசியாக, ஆறு தேடிய கதை. சண்முகம் ஆறுமுகம் என்ற நீர்ப்பாசனப் பொறியாளர் 1954இல் ஒரு திட்டம் போட்டார். வன்னியில் இருந்து கனகராயன் ஆறும் மற்ற ஓடைகளும் மாரியில் ஆனையிறவுக் கடல்நீரேரியில் போய் விழுகின்றன. அந்த நீரேரியின் இரண்டு பக்கமும் அணை கட்டிக் கடலைத் தடுத்தால் அது நன்னீர் ஏரி ஆகும். அங்கிருந்து முள்ளியானில் சுமார் 4 கிலோமீட்டருக்கு ஒரு வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் வடமராட்சி நீரேரிக்கு வரும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவணை போட்டால் குடாநாட்டின் உள்ளே இருக்கும் நீரேரிகள் எல்லாம் நாளடைவில் இனிக்கும், கிணறுகளும் ஊறும். ஆறில்லாத ஊருக்கு ஓர் ஆறு! (தொண்டைமானாறு என்ற பெயர் குலோத்துங்கனின் படைத்தலைவன் கருணாகரத் தொண்டைமான் வெட்டியதால் வந்தது என்பது செவிவழிச் செய்தி. எங்கள் புதுக்கோட்டைத் தொண்டைமான்களுக்கும் அதற்கும் சம்பந்தம் தேட வேண்டாம்.) கதவணைகள் 1950களில் வந்து விட்டன. ஆனையிறவில் 60களில் வேலை நடந்தது. அந்த 4 கிலோமீட்டர் வாய்க்கால் மட்டும் முடியவே இல்லை. வெள்ளம், பணம், பிறகு போர். போட்ட அணைகளும் பழுதாயின.

போர் 2009இல் முடிந்த பிறகு வேறொரு யோசனை வந்தது. கனகராயன் ஆற்றைத் தடுத்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய இரணைமடுக் குளத்தின் கரையை உயர்த்தி, ஆசிய வளர்ச்சி வங்கிக் கடனில் குழாய் போட்டு யாழ்ப்பாணத்துக்குக் குடிநீர் கொண்டு போகலாம் என்றார்கள். கிளிநொச்சி விவசாயிகள் ஒத்துக் கொள்ளவில்லை. 'எங்களுக்கே சிறுபோகத்துக்குத் தண்ணீர் காணாது, உங்களுக்கு எப்படித் தருவது?' என்பது அவர்கள் கேள்வி. இதில் யார் பக்கம் நியாயம் என்று வெளியில் இருக்கும் நாம் சொல்வது சுலபம் இல்லை. இருவரும் தமிழர், இருவரும் ஒரே போரில் அடிபட்டவர்கள். ஆனாலும் எனக்குக் கிளிநொச்சிக்காரர்கள் பக்கம்தான் மனசு சாய்கிறது. தன் வயலுக்கு வரும் ஒரே குளத்தை எழுதிக் கொடுக்க எந்த விவசாயி சம்மதிப்பான்? அதே நேரத்தில் சுன்னாகத்தில் மின் நிலையத்தைச் சுற்றிய கிணறுகளில் எண்ணெய் மிதந்தது பெரிய பிரச்சினையாக வெடித்தது. வழக்கு இலங்கை உச்ச நீதிமன்றம் வரை போய் 2019இல் 2 கோடி ரூபாய் இழப்பீடு தரும்படி தீர்ப்பானது. அடியில் ஓட்டை நிறைந்த கல் இருக்கும் ஊரில் மேலே எண்ணெய் சிந்தினால் அது யார் வீட்டுக் கிணற்றில் எட்டிப் பார்க்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முடிவில் குழாய்த் திட்டத்துக்குப் பதிலாகக் கடல்நீரைக் குடிநீர் ஆக்கும் நிலையம் வந்தது. வடமராட்சி கிழக்கில் தாளையடியில், சுனாமி அடித்த அதே கரையில், 2024 ஆகஸ்டில் திறந்தார்கள். நாளுக்கு 2.4 கோடி லிட்டர் கொள்ளளவு. கிணற்றுத் தண்ணீருக்கு இறைக்கிற செலவு மட்டும்தான். இதற்கு உப்பைப் பிரிக்க மின்சாரம் வேண்டும், சவ்வு மாற்ற வேண்டும், கடனுக்கு வட்டி கட்ட வேண்டும். மாதக் கட்டணத்தை யார் எவ்வளவு தாங்குவது என்ற கணக்கு இனிமேல்தான் இருக்கிறது.

எங்கள் ஊரிலும் இப்படி ஒரு காத்திருப்பு உண்டு. காவிரி, வைகை, குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரி 21 அன்று அடிக்கல் நாட்டியது விராலிமலை அருகே குன்னத்தூரில்தான். மொத்தம் 262 கிலோமீட்டர். எங்களுக்குச் சல்லடைக் கல் கிடையாது, கருங்கல்லில் ஐந்நூறு ஆயிரம் அடிக்கு போர் போட்டுப் புகையைப் பார்க்கிறவர்கள் நாங்கள். யாழ்ப்பாணத்தாருக்கு 4 கிலோமீட்டர் வாய்க்கால் எழுபது ஆண்டாக முடியவில்லை. 262க்கு எத்தனை ஆண்டு என்று கணக்குப் போட வேண்டாம், அதற்கு நேர் விகித சமம் செல்லாது!

2023 அக்டோபரில் நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் விட்டார்கள். நடுவில் நின்று நின்று ஓடுகிறது. வேலை கிடைத்து முதல் சம்பளம் வந்ததும் அதில் ஏறி நிலாவரைக் கிணற்றை எட்டிப் பார்ப்பதாக உத்தேசம். மன்னார் முத்துக்குளிப்பைப் பற்றியும் எழுத நிறைய இருக்கிறது. செமஸ்டர் பரீட்சை முடியட்டும், அடுத்த கட்டுரை அதுதான்.